தமிழை மூடிவைத்துவிட்டு பிரெஞ்சு படிக்க வேண்டாம்

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஓசூரில் ஷிப்ட் வேலை. படத்தைக் காட்டி, பிரெஞ்சிலேயே பேசி, மொழிபெயர்ப்பே இல்லாமல் கற்றுத்தரும் மென்பொருள் ஒன்றுக்கு ஒரு வருடச் சந்தா கட்டியிருக்கிறார். நான்கு மாதமாகத் தினமும் முக்கால் மணி நேரம் உட்காருகிறார். 'பையன் ஆப்பிள் சாப்பிடுகிறான்', 'பெண் ஓடுகிறாள்' எல்லாம் தடங்கலில்லாமல் வருகிறது. ஆனால் கம்பெனிக்கு வந்த ஒரு பிரெஞ்சுக்காரர் பேசியபோது ஒரு வாக்கியம்கூடப் பிடிபடவில்லை. இதைத் தொடர்வதா விடுவதா, தனியாக இலக்கணம் படிக்க வேண்டுமா, வகுப்புக்குப் போகாமலே டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தகுதித் தேர்வு எழுத முடியுமா, நாளைக்குக் கனடா போக அது உதவுமா என்பவை அவருடைய கேள்விகள்.

தம்பி, விட வேண்டாம். நான்கு மாதம் விடாமல் உட்கார்ந்ததே பெரிய காரியம். அந்த மென்பொருள் சொல்வதில் ஒன்றை மட்டும் கேட்காதீர்கள். 'தாய்மொழியை மறந்துவிட்டுக் குழந்தை மாதிரிக் கற்றுக்கொள்' என்கிறது பாருங்கள், அதை மட்டும். கிருஷ்ணகிரியில் பதினைந்து வருடமாக வீட்டில் பிரெஞ்சு சொல்லித் தருகிறேன். பெரும்பாலும் மதிப்பெண்ணுக்காக பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்த பிள்ளைகள், அப்புறம் உங்களைப் போல வேலையில் இருந்துகொண்டு படிப்பவர்கள். தமிழை ஒதுக்கிவைத்தவர்களைவிட, தமிழோடு ஒப்பிட்டு ஒப்பிட்டுப் படித்தவர்கள்தான் என் கண் முன்னால் நன்றாகப் பேச வந்தார்கள். ஏன் என்பதைச் சொல்கிறேன்.

மொழிபெயர்ப்பில்லாமல் கற்பிக்கும் இந்த முறை கணினி காலத்தில் பிறந்ததல்ல. 1878-ல் அமெரிக்காவின் ப்ராவிடன்ஸ் நகரத்தில் மாக்ஸிமிலியன் பெர்லிட்ஸ் ஒரு மொழிப்பள்ளி தொடங்கினார். பிரெஞ்சு சொல்லித்தர நிகோலா ஜோலி என்பவரை அமர்த்தினார். ஜோலிக்கு ஆங்கிலம் தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து பெர்லிட்ஸுக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட, சில வாரம் ஜோலியே வகுப்பைப் பார்த்துக்கொண்டார். பொருளைத் தொட்டுக் காட்டினார், நடந்து காட்டினார், உட்கார்ந்து காட்டினார். பெர்லிட்ஸ் எழுந்து வந்து பார்த்தபோது மாணவர்கள் உற்சாகமாகப் பிரெஞ்சில் கேள்வி பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பது அந்தப் பள்ளியைப் பற்றிச் சொல்லப்படும் கதை. உங்கள் திரையில் வருவது அந்த வகுப்பின் வாரிசு. ஜோலி காட்டிய பொருள்கள் படங்களாக வந்துவிட்டன. ஜோலி வரவில்லை. மாணவன் விழித்தால் அவர் முகத்தைப் பார்த்து வேறு மாதிரிச் சொல்லியிருப்பார். தப்பாகச் சொன்னால் புருவத்தை உயர்த்தியிருப்பார். மாணவன் தானாக ஒரு வாக்கியம் கட்டிப் பேசினால் அதற்குப் பதில் சொல்லியிருப்பார். மென்பொருள் தன்னிடமுள்ள நான்கு படங்களில் எது என்று மட்டுமே கேட்கும்.

ஒரு மொழிக்குள் இறங்கிக் கற்றவர்களைப் பார்க்க நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. ராயக்கோட்டை, பாலக்கோடு தக்காளி மண்டிகளில் கன்னடமும் தெலுங்கும் சரளமாகப் பேசுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த மொழிகளில் ஓர் எழுத்து எழுதத் தெரியாது. பெட்டி என்ன விலை, நாளைக்கு லாரி வருமா, பழம் அடிபட்டிருக்கிறதா என்று பேசிப் பேசியே கற்றுக்கொண்டார்கள். பேச்சு புரியாவிட்டால் காசு போய்விடும் என்ற நிலைமை அவர்களுக்கு. உங்கள் முக்கால் மணி நேரத்தில் அந்த நெருக்கடி இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. 'நான் நாளைக்கு ஊருக்குப் போகிறேன்' என்பதைக் கன்னடத்தில் 'நானு நாளே ஊரிகெ ஹோகுத்தேனெ' என்கிறார்கள். சொல்லுக்குச் சொல் அதே வரிசை. பிரெஞ்சில் 'நான் போகிறேன் ஊருக்கு நாளைக்கு' என்ற வரிசையில் வரும். மண்டியில் கன்னடம் ஒட்டிக்கொண்டது மாதிரி பிரெஞ்சும் படம் பார்த்தே ஒட்டிக்கொள்ளும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் வரும்.

குழந்தைகளே முழுக்க முழுக்க பிரெஞ்சில் மூழ்கினால் என்ன ஆகிறது என்பதையும் ஒரு நாட்டில் பார்த்துவிட்டார்கள். 1965-ல் கனடாவின் க்யூபெக் மாகாணத்தில் செயின்ட் லாம்பர்ட் என்ற ஊரில், ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கு மழலையர் வகுப்பிலிருந்தே பாடங்களைப் பிரெஞ்சில் நடத்தத் தொடங்கினார்கள். பெற்றோர்களே போராடிக் கேட்டு வாங்கிய வகுப்பு அது. பிறகு கனடா முழுக்கப் பரவியது. அந்தப் பிள்ளைகள் கேட்டுப் புரிந்துகொள்வதில் அபாரமாக வந்தார்கள். ஆனால் பல வருடம் அப்படிப் படித்த பிறகும் பேச்சிலும் எழுத்திலும் ஆண்பால் பெண்பால் தவறுகளும் வினைச்சொல் தவறுகளும் நின்றபாடில்லை. இதை ஆராய்ந்த மெரில் ஸ்வேன் என்ற மொழியியல் அறிஞர் 1985-ல் எழுதிய கட்டுரையில், கேட்பது மட்டும் போதாது, கற்பவர் தானே வாக்கியம் கட்டிப் பேசவும் எழுதவும் வேண்டும் என்று வாதிட்டார். பள்ளி நேரம் முழுக்கப் பிரெஞ்சு கேட்ட பிள்ளைகளுக்கே இந்த நிலை என்றால், இலக்கணம் வேண்டுமா என்ற உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. வேண்டும். ஆனால் ஆங்கிலம் வழியாக எழுதிய தடித்த புத்தகம் வேண்டாம். தமிழ் வழியாகவே பிரெஞ்சின் பாதிக் கதவுகள் திறக்கும்.

ரொசெட்டா ஸ்டோன் என்ற மென்பொருளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்த வகையில் உலகெங்கும் தெரிந்த பெயர் அது. அந்தப் பெயருக்கு மூலமான கல் 1799-ல் எகிப்தில் நெப்போலியன் படையினரிடம் கிடைத்தது. ஒரே செய்தி மூன்று எழுத்துகளில் அதில் வெட்டப்பட்டிருந்தது. அதில் கிரேக்கம் அறிஞர்களுக்குத் தெரிந்த மொழி. தெரிந்த அந்த மொழியைப் பிடித்துக்கொண்டுதான் தெரியாத எகிப்திய எழுத்தை 1822-ல் ஷாம்போலியோன் என்ற பிரெஞ்சுக்காரர் திறந்தார். உங்களுக்குத் தெரிந்த மொழி தமிழ். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் உச்சரிப்பு. இங்கே தமிழனுக்கு இருக்கும் வசதி ஆங்கிலேயனுக்குக் கிடையாது. (பிரெஞ்சுச் சொற்களைத் தமிழில் எழுதுகிறேன், ஓசை முழுதாக வராது. மென்பொருளின் குரலோடு சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.) பிரெஞ்சில் எல்லாரும் பயப்படுவது மூக்கால் சொல்லும் உயிரொலிகளுக்கு. நாமோ அவற்றைத் தினமும் சொல்கிறோம், கவனிப்பதில்லை. 'மரம்' என்று எழுதுகிறோம். பேசும்போது கடைசியில் உதட்டை மூடி 'ம்' சொல்கிறோமா? 'மரொ' என்று மூக்கில் விட்டுவிடுகிறோம். நல்லது என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் 'போ(ன்)' முடிவது அதே ஒலியில்தான். 'நான்' என்பதைப் பேச்சில் 'நா' என்று மூக்கால் இழுக்கிறோம், குழந்தை என்ற பொருளுள்ள 'ஆன்ஃபான்' அதில் முடிகிறது. 'அவன் வந்தான்' என்று வேகமாகச் சொல்லும்போது 'அவன்' என்பதன் கடைசி ஒலி கிட்டத்தட்ட 'அவெ' என்று மூக்கில் கேட்கும், பசிக்கான 'ஃபேன்' அதில் முடிகிறது. மூன்று ஒலியும் கைவசம் இருக்கிறது. எழுத்தைப் பார்த்து 'ன்' என்று நாக்கை மேலே ஒட்டினால் மட்டும்தான் கெடும். வீட்டில் பேசுகிற மாதிரியே பேசுங்கள்.

அடுத்தது த. 'மேசை' பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ஒரே எழுத்துகளில்தான் எழுதப்படுகிறது. ஆங்கிலப் பழக்கத்தில் 'டேபிள்' என்று ட போட்டுவிடுகிறோம். பிரெஞ்சில் அது 'தாப்ல்'. பல்லில் நாக்குப் படும் நம்ம த. அதேபோல ப, த, க ஒலிகளைக் காற்றை ஊதாமல் சொல்வது தமிழ் வழக்கம், பிரெஞ்சு வழக்கமும் அதுதான். ஆங்கிலேயர்கள் மாதக்கணக்கில் பழகவேண்டியது இது. என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரம் முழுக்க ட-வை மறக்கச் சொல்வதுதான் வேலை.

பின்னே, புணர்ச்சி. பள்ளியில் படித்த குற்றியலுகரம் ஞாபகம் இருக்கிறதா? காசு, இல்லை என்ற இரண்டும் சேர்ந்தால் 'காசில்லை'. முன்சொல்லின் உயிர் மறைந்து பின்சொல்லின் உயிர் ஏறிக்கொள்கிறது. பிரெஞ்சில் 'லா' என்பதும் பள்ளிக்கூடம் என்ற 'எகோல்' என்பதும் சேர்ந்தால் 'லெகோல்'. அதே கதை. 'அவனிடம் இருக்கிறதா' என்று கேட்கும்போது 'ஆ' என்ற வினைக்கும் 'இல்' என்ற அவனுக்கும் ('இருக்கிறது', 'அவன்' என்று பொருள்) நடுவில் ஒரு 'த்' வந்து 'ஆதில்' ஆகும். அந்த 'த்'துக்குப் பொருள் கிடையாது, இரண்டு உயிர் மோதாமல் இருக்க வந்த உடம்படுமெய். மென்பொருள் இதைப் படத்தில் காட்டவே முடியாது. நீங்கள் மாதக்கணக்கில் 'இந்த த் எங்கிருந்து வந்தது' என்று குழம்புவீர்கள். தமிழில் ஒரு வரியில் முடிந்துவிட்டது.

வாக்கியத்திலும் இந்த உறவு இருக்கிறது. ஆங்கிலத்தில் 'நான் 26 ஆக இருக்கிறேன்' என்பது மாதிரி வயது சொல்கிறார்கள். பிரெஞ்சில் 26 வருடம் என்னிடம் இருக்கிறது என்பார்கள். பசியும் தாகமும் அப்படியே, இருப்பது. நாம் 'எனக்கு 26 வயது, எனக்குப் பசி' என்கிறோம். 'அது எனக்குப் பிடிக்கிறது' என்பது 'ஸா ம ப்ளே', நடுவில் நிற்கும் 'ம' நம்முடைய 'எனக்கு'. நீ, நீங்கள் என்ற பிரிவு 'த்யு', 'வூ' என்று அப்படியே இருக்கிறது. 'நீ என்றே பேசிக்கொள்ளலாமா' என்று அனுமதி கேட்க ஒரு தனி வினைச்சொல்லே பிரெஞ்சில் உண்டு. இந்த நுணுக்கம் நமக்கு ரத்தத்தில் ஊறியது. கம்பெனிக்கு வரும் பெரியவரிடம் எதைச் சொல்ல வேண்டும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம்.

ஒரு சின்ன விஷயம், நம்ம ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மாம்பழத்துக்குப் பிரெஞ்சில் 'மாங்க்'. நம் மாங்காய் என்ற சொல் போர்ச்சுகீசியர் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது. 'வெத்திவேர்' என்று வாசனைத் திரவியக் கடையில் சொன்னால் புரியும், அது நம் வெட்டிவேர்தான்.

சரி, தமிழ் கைகொடுக்காத இடங்களையும் சொல்லிவிட வேண்டும். நம் எழுத்தில் ப ஒன்றுதான். பிரெஞ்சில் 'பேன்' என்பதன் ப-வைத் தொண்டை அதிராமல் சொன்னால் ரொட்டி, அதையே 'பம்பரம்' என்பதில் நடுவே வரும் ப மாதிரி அதிரச் சொன்னால் குளியல். 'புவாஸோன்' என்று ஸ தெளிவாக வந்தால் மீன், அந்த ஸ அதிர்ந்தால் விஷம். அந்த அதிரும் ஒலி தமிழில் கிடையாது. பழையபேட்டையில் உருது பேசும் நண்பர் இருந்தால் நிலத்துக்கு அவர்கள் சொல்லும் சொல்லைச் சொல்லச் சொல்லுங்கள், அதன் முதல் எழுத்து அதுதான். ஏழைக்கு அவர்கள் சொல்லும் சொல்லைத் தொண்டையிலிருந்து முறையாகச் சொல்லச் சொன்னால், அதன் முதல் எழுத்து பிரெஞ்சு ர-வுக்கு மிகப் பக்கத்தில் வரும். தொண்டை ர-வுக்காக வீடியோ தேடி அலைந்த பிள்ளைகள், தெருக்கோடி நண்பனிடம் ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு கஷ்டமான ஒலி 'த்யு'வில் வரும் அந்த உயிர். 'ஈ' என்று சொல்லுங்கள், நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் 'ஊ'வுக்குக் குவியுங்கள். அவ்வளவுதான், ஆனால் ஒரு மாதம் பழக வேண்டும். இதை அலட்சியம் செய்யாதீர்கள். 'தெஸ்யு' என்றால் மேலே, 'தெஸூ' என்றால் அடியில். ஒரே ஓர் உயிரொலி, பொருள் நேர் எதிர்.

ஓசை விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். பாண்டிச்சேரிக்குப் போய் முறையாகப் படிக்கும் முன், உங்களைப் போலவே படம் காட்டும் மென்பொருளை சிடியில் வாங்கி எல்லாப் பாடத்தையும் முடித்திருந்தேன். அந்த நம்பிக்கையில், இங்கே மாங்கூழ் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலைக்காகப் பிரான்சிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பைப் பேச ஒப்புக்கொண்டேன். வாங்குகிறவர் 'ஓன் நான் வெ ப்ளு' என்றார். 'ப்ளு' என்றால் 'அதிகம்' என்று படித்திருந்தேன். இன்னும் வேண்டும் என்கிறார் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அவர் சொன்னது 'இனி வேண்டாம்'. புத்தகப் பிரெஞ்சில் எதிர்மறைக்கு 'ந' என்று ஒன்று முன்னால் வரும். பேச்சில் அதை விழுங்கிவிடுவார்கள். அப்புறம் மிஞ்சுவது ஒரே வித்தியாசம்தான்: கடைசியில் ஸ் கேட்டால் 'இன்னும் வேண்டும்', கேட்காவிட்டால் 'இனி வேண்டாம்'. சாயங்காலம் வந்த மின்னஞ்சலில் விஷயம் தெளிவானது. அதற்குள் முதலாளி கூடுதல் காய்க்கு ஆள் அனுப்பியிருந்தார். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட வருத்தம் சாதாரணமானதல்ல. ஒரு மனிதரின் பணத்தோடு சம்பந்தப்பட்டது அது.

உங்கள் கம்பெனியில் நடந்ததும் இதே வகைதான். மென்பொருளில் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, கழுவித் துடைத்த மாதிரி வருகிறது. உயிருள்ள பிரெஞ்சுக்காரர் 'எனக்குத் தெரியாது' என்பதற்கு நான்கு அசையும் சொல்ல மாட்டார், 'ஷே பா' என்று முடித்துவிடுவார். 'நாங்கள்' என்பதற்குப் பாடத்தில் 'நூ' வரும், பேச்சில் பெரும்பாலும் 'ஓன்' என்றுதான் கேட்பீர்கள். 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று தமிழ் கற்ற வெளிநாட்டுக்காரர், தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் 'வந்துனுகீறேன்' என்பதைக் கேட்டால் எப்படி நிற்பார்? அப்படித்தான் நீங்கள் நின்றீர்கள். நான்கு மாதம் வீணாகிவிட்டது என்று நினைக்காதீர்கள்.

இனி பால் பிரச்சினை. நமக்கு ஆண் என்றால் ஆண்பால், மேசை என்றால் அஃறிணை. பிரெஞ்சில் மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். படத்தில் மேசையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. மென்பொருள் உங்களை ஊகிக்கவிடுகிறது, அந்த ஊகம்தான் கனடாப் பிள்ளைகளிடம் கடைசிவரை தவறாக நின்றது. இதற்கு என் வழி: சொல்லைத் தனியாக எழுதாதீர்கள், 'ஒரு' என்பதோடு சேர்த்து எழுதுங்கள். ஆண்பாலுக்கு 'அன்', பெண்பாலுக்கு 'யுன்'. 'ல', 'லா' போட்டு எழுதினால் உயிரில் தொடங்கும் சொல்லில் இரண்டுமே 'ல்' ஆகி பால் மறைந்துவிடும். 'லெகோல்' என்றால் எந்தப் பால் என்று தெரியாது, 'யுன் எகோல்' என்றால் தெரியும். ஆண்பாலுக்கு நீல மை, பெண்பாலுக்குச் சிவப்பு மை. அப்புறம் ஈற்றைக் கவனியுங்கள். 'ஸியோன்' என்று முடியும் சொற்கள் பெரும்பாலும் பெண்பால், 'மான்' என்று முடிபவை பெரும்பாலும் ஆண்பால். இப்படிப் பத்து ஈறுகள் பிடிபட்டால் பாதிக் கவலை தீரும்.

இப்போது உங்கள் முக்கால் மணி நேரம். புதுப் பாடத்துக்கு இருபது நிமிடம் போதும். முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டு வெறும் ஒலியைக் கேளுங்கள், படம் வேண்டாம். படம் இருந்தால் மூளை படத்தைப் பார்த்து விடையைச் சொல்லிவிடும், காது வேலை செய்யாது. இரண்டாவது தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள். மூன்றாவது தடவை கேட்டதைக் கையால் எழுதுங்கள். இந்த மூன்றாவதுதான் முக்கியம். 'நான் பேசுகிறேன்', 'நீ பேசுகிறாய்', 'அவன் பேசுகிறான்', 'அவர்கள் பேசுகிறார்கள்' நான்கிலும் வினைச்சொல் காதுக்கு 'பார்ல்' என்று ஒரே மாதிரிதான் விழும். எழுதும்போது மூன்று விதமாக எழுத வேண்டும். திரையில் விடையைத் தட்டிக்கொண்டே போகிறவருக்கு இது ஒருநாளும் தெரியவராது, தேர்வுத்தாளில்தான் தெரியும்.

மைக்கில் பேசினால் பச்சை காட்டுகிறதே என்று நம்பிவிடாதீர்கள். நீங்கள் சொன்னது எதிர்பார்த்த வாக்கியத்துக்கு ஓரளவு பக்கத்தில் இருந்தால் அது சரி என்று விட்டுவிடும். அமைப்பில் கடுமையைக் கூட்ட வழி இருந்தால் கூட்டுங்கள். போன் ரெக்கார்டரில் உங்கள் குரலைப் பதிந்து, மென்பொருளின் குரலுக்கு அடுத்தே போட்டுக் கேளுங்கள். உங்கள் காதுதான் கறாரான வாத்தியார்.

மீதி இருபத்தைந்து நிமிடத்தில் பத்து நிமிடம் பழைய சொற்கள். ஆன்கி என்ற செயலி மறக்கப்போகும் நேரம் பார்த்துச் சொல்லைத் திரும்பக் கொண்டுவரும். கடைசிப் பதினைந்து நிமிடம் உங்களுடையது: இன்று நடந்ததைப் பிரெஞ்சில் ஆறு வாக்கியம். பையன், ஆப்பிள் வேண்டாம். கம்பெனி பஸ் தாமதமானது, அம்மா ராகிக்களி கிண்டினார்கள், சந்தையில் தக்காளி விலை ஏறிவிட்டது என்று எழுதுங்கள். சொல் தெரியாத இடத்தில் தமிழிலேயே எழுதிவிட்டுப் பிறகு தேடுங்கள். ராகிக்கு என்ன, கிண்டுவதற்கு என்ன என்று நீங்களே தேடிப் பிடித்த சொல் மறக்காது.

பஸ்ஸில் போகும் நேரத்தைக் கேட்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். தெவே சேங்க் மோந்த் என்ற பிரெஞ்சுத் தொலைக்காட்சி கற்பவர்களுக்காக இலவசப் பயிற்சிகளை ஆரம்ப நிலையிலிருந்து தருகிறது, இணையத்தில் தேடினால் கிடைக்கும். ஆர்எஃப்ஐ வானொலி எளிய பிரெஞ்சில் தினமும் பத்து நிமிடச் செய்தி ஒலிபரப்புகிறது. செய்தி இப்போது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், ஆறு மாதம் கழித்துத் தொடங்குங்கள்.

இவ்வளவும் வீட்டிலேயே ஆகும். ஒன்று மட்டும் ஆகாது, அது ஜோலி. வாரத்தில் ஒரு மணி நேரமாவது பதில் பேசும் ஒரு மனிதர் வேண்டும். பிரெஞ்சுக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நம் மாவட்டப் பள்ளிகளில் பிளஸ் டூவுக்குப் பிரெஞ்சு நடத்தும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பலர் மாலையில் தனியாகச் சொல்லித் தருகிறார்கள். பிரெஞ்சு கற்பிக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் நிறுவனம் இணைய வழியிலும் வகுப்பு நடத்துகிறது. ஒரு வார விடுமுறை கிடைத்தால் திருவண்ணாமலை, செஞ்சி வழியாகப் பாண்டிச்சேரி போய்வாருங்கள். அங்கே 1889-லிருந்து அலியான்ஸ் இருக்கிறது. தெருப் பலகையிலேயே 'ர்யு' என்று நீங்கள் பழகவேண்டிய அந்த உயிரொலி எழுதியிருக்கும்.

தேர்வுக்கு வருவோம். டெல்ஃபின் இரண்டாம் நிலையான ஏ2 வீட்டிலிருந்து படித்தே எழுதலாம், பயப்பட வேண்டாம். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25, மொத்தம் 100. தேற 50 வேண்டும், எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. எழுதுவதில் 60 சொல் அளவில் இரண்டு எழுத வேண்டும். ஒன்று அனுபவத்தைச் சொல்வது, இன்னொன்று அழைப்புக்குப் பதில் மாதிரியானது. மென்பொருள் இதற்கு உங்களைத் தயார் செய்யாது, தினம் எழுதும் அந்த ஆறு வாக்கியம் செய்யும். டெல்ஃப் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது.

கனடா விஷயத்தில் ஒரு தப்பெண்ணத்தைத் திருத்திவிடுகிறேன், ஏனென்றால் இதில் காசையும் வருடத்தையும் இழந்தவர்களை எனக்குத் தெரியும். அங்கே குடியேற எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற அரசுத் திட்டம் வழியாக விண்ணப்பிக்க டெல்ஃப் செல்லாது. தெஃப் கனடா அல்லது தெசெஎஃப் கனடா என்ற தேர்வுகள்தான் செல்லும், அவற்றின் முடிவு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லுபடியாகும். 2023-லிருந்து பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று, விண்ணப்பித்தவர்களிலிருந்து ஆள் பொறுக்கியெடுக்கும் தனிச் சுற்று நடத்துகிறார்கள். அதற்கு நான்கு திறனிலும் அவர்கள் அளவுகோலில் 7 வேண்டும். அது ஏறக்குறைய, ஏ2-வுக்கு இரண்டு படி மேலே உள்ள பி2 நிலை. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் ஊழியர்களுக்குப் பிரெஞ்சு கற்பிக்க முழுநேர வகுப்பாக சுமார் 30 வாரம் ஒதுக்குகிறது. அது ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்கு, வேறு வேலையே இல்லாமல். ஷிப்ட் முடிந்து வந்து முக்கால் மணி நேரம் படிக்கும் உங்களுக்கு பி2 என்பது இரண்டு மூன்று வருட வேலை என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். ஏஜெண்ட் யாராவது ஆறு மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்றால் பணம் கட்டாதீர்கள்.

சந்தா இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. அதற்குள் மென்பொருளின் முதல் பாதியை நான் சொன்ன மாதிரி மூன்று மூன்று தடவை முடித்தாலே ஏ2 எழுதிப் பார்க்கலாம். அடுத்த சந்தா கட்டாமல் அந்தப் பணத்தை வாரம் ஒரு மணி நேர ஆசிரியருக்குக் கொடுங்கள். நமக்குப் பக்கத்துத் தேர்வு மையம் பெங்களூரு அலியான்ஸ், வசந்த் நகரில் இருக்கிறது. பதிவுக்குக் கடைசித் தேதி தேர்வுக்குப் பல வாரம் முன்னாலேயே முடிந்துவிடும், அவர்கள் தளத்தில் இப்போதே பார்த்து வையுங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர்தானே, விடியற்காலை கிளம்பிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். எலக்ட்ரானிக் சிட்டி தாண்டியதும் நெரிசலில் மாட்டினால் கேட்டல் பகுதி தொடங்கிவிடும், நடுவில் உள்ளே விட மாட்டார்கள். முந்தின நாள் சாயங்காலமே போய்த் தங்கிக்கொள்ளுங்கள்.